கேட் பெட்டியில் அடிக்கும் போன்

ஆகஸ்ட் 30, சனி

வெயில். ஆடி முடிந்தும் காற்று அடங்கவில்லை, மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. சாத்தூரில் பஸ் பிடித்து விருதுநகர். செய்ய வேண்டியவை: சான்றிதழ் நகல்கள், பெட்டிக்குப் பூட்டு இரண்டு, கம்பளிச் சட்டை (மதுரையில் பார்த்துக்கொள்ளலாம்), போன் பிளான்.

போன் பிளான்தான் தலைவலி. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. விசா வந்து மூன்று வாரம். அரசு உதவித்தொகை உத்தரவும் கையில். இங்கிலாந்தில் ஒரு வருடம், புள்ளியியல் முதுகலை. பேப்பர்காரர்கள் எங்கள் பட்டாசு ஊர்களை எண்ணிக்கையாகத்தான் எழுதுகிறார்கள். நால்வர் பலி, எழுவர் காயம். எண்ணுவதையாவது ஒழுங்காகப் படித்துவிட்டு வருவோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மொபைல் கடை. கடைக்காரர் பாண்டி. முப்பது வயது இருக்கும். என்னிடம் பேசிக்கொண்டே ஒரு போனைக் கழற்றி இன்னொன்றை மாட்டினார்.

"வேலைக்குப் போறீகளா, படிக்கவா?"

"படிக்க."

"யாரு கூட அதிகமாப் பேசுவீக? அத வச்சுத்தான் பிளான்."

"அம்மா."

"அம்மாட்ட டச் போனா?"

"பட்டன்."

"சரியாப் போச்சு. வாட்ஸப் கதை முடிஞ்சுது."

அவர் சொன்னது, குறித்துக்கொண்டபடி:

1. அங்கே போய் அந்த ஊர் சிம். இந்தியாவுக்குப் பேசும் வசதி சேர்ந்தது. நான் அம்மாவைக் கூப்பிடலாம். அம்மா என்னைக் கூப்பிட முடியாது, அவள் போனில் ஐ.எஸ்.டி. இல்லை.

2. இந்த ஊர் நம்பரையும் ரோமிங்கில் கொண்டுபோவது. பாங்க் ஓ.டி.பி. வர வேண்டுமே. மெசேஜ் மட்டும் வரும். நம்பர் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான்.

3. அதே நம்பர், ஆனால் அழைப்பும் வரும். விலை கூடியது இதுதான்.

"மொதலும் ரெண்டும் போட்டுக்கோங்க. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் போகுது. மூணாவது ஒருத்தரும் போடுறதில்ல."

எனக்கு மூன்றாவது வேண்டும் என்றேன். என்னத்துக்கு என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. அந்தக் கடையில் நின்று சொல்லப் பிடிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டு ஆட்கள். "சீசன் எப்படிலே?" "ஆர்டரு கெடக்கு, ஆளுதான் இல்ல. எல்லாப் பயலும் திருப்பூருக்குப் போயிட்டான்." ஆள் இல்லையாம். இருந்த ஆள் எங்கே போனான் என்று ஒருவனும் கேட்பதில்லை.

பூட்டு வாங்க மறந்தேன்.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

அம்மாவுக்கு லீவு. லீவு என்றால் துணி துவைப்பது, தண்ணீர் பிடிப்பது, தலைக்கு எண்ணெய். விரல் இடுக்குகளில் அலுமினியப் பொடி, எந்தச் சோப்புக்கும் போகாத வெள்ளி. பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிறாள். பசையும் காகிதமும் தேய்த்துத் தேய்த்து ரேகையே இல்லை. ரேஷன் கடையில் மிஷின் அவள் விரலை நம்புவதில்லை. போன வருடம் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தேன். அதுவும் நம்பவில்லை. "என்னய பேயின்னு நெனைக்குது போல" என்று சொல்லிச் சித்தியிடம் கொடுத்துவிட்டாள். சித்தி பக்கத்து வீடு, அம்மாவின் தங்கை.

எந்தப் போனாக இருந்தால் என்ன. காலை ஏழரையிலிருந்து சாயங்காலம் ஆறு வரை அம்மாவின் போன் அவளிடம் இருக்காது. கம்பெனிக்குள் செல்போன் கூடாது. தீப்பெட்டி, பீடி, செருப்பு, போன், எல்லாம் கேட்டோடு. கேட்டில் ஒரு மரப்பெட்டி, அறை அறையாக. ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணும் ஒரு ஆள்.

அதனால்தான் அப்பாவின் போன் பிழைத்தது.

எழுதிவிடுகிறேன். நாலு வருடம் ஆகிறது. நான் பிளஸ் டூ. அப்பா வேலை பார்த்த கம்பெனி வெடித்த சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டது. ஆபீஸ் ரூம் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. முழுசாக அடித்து நின்றது. திரும்ப, திரும்ப. அடிக்கிறதே, அப்படியானால் இருக்கிறார் என்று நினைத்தேன். அப்போது எனக்கு அந்த மரப்பெட்டியைப் பற்றித் தெரியாது. மூன்றாம் நாள் போனை ஒரு பாலித்தீன் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு கீறல் இல்லை. இன்றுவரை நான் வைத்திருப்பது அந்தப் போன், அந்த நம்பர். ஆதார், பாங்க், உதவித்தொகை, பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் அதுதான்.

கம்பெனியை ஏழு மாதம் மூடினார்கள். திறந்தபோது போர்டில் பெயர் மட்டும் புதிது. அம்மா அதில்தான் சேர்ந்தாள். வேறெங்கே சேர்வது?

இன்று கேட்டேன். "ஏதாவது ஒண்ணுன்னா கூப்பிட கேட்டுல எந்த நம்பர் குடுத்திருக்க?"

"அப்பா நம்பர்தான். வேற எது இருக்கு?" சட்டியின் அடியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

இதற்குத்தான் மூன்றாவது பிளான். கேட்டிலிருந்து அழைப்பு வந்தால் அது இங்கிலாந்தில் அடிக்க வேண்டும்.


செப்டம்பர் 2, செவ்வாய்

மறுபடி வி.நகர். மிளகாய் வண்டிகள் நிற்கிற தெருவைக் கடப்பதற்குள் ஒன்பது தும்மல்.

பாண்டி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சிம்மு மாடசாமின்னு காட்டுதே. யாரு?"

"அப்பா."

"உங்க பேருக்கு மாத்திருங்க. அங்கன போயி சிம்மு கெட்டுப்போச்சுன்னா புதுசு எடுக்க அவுகதான் வரணும். ஒரு எட்டு வரச் சொல்லுங்க, போட்டோ எடுத்துட்டு அனுப்பிருதேன்."

"வரமாட்டாங்க."

"அஞ்சு நிமிசம்தான் ஆகும்ங்க. அப்பாமாருக்கெல்லாம் இதே சோலி, கடைக்கு வர்றதுன்னா கெளரவம் கொறஞ்சு போகும்."

பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தேன். வெளிநாட்டுக்காக எடுத்த நகல்களில் ஒன்று. படித்தார். காரணம் என்ற இடம் வந்ததும் என்னைப் பார்த்தார். எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. இந்த ஜில்லாவில் அதைக் கேட்பதில்லை. எல்லாருக்கும் ஒரு கம்பெனி இருக்கிறது.

போட்டோ, கையெழுத்து. உறவுமுறை: மகள். சாயங்காலம் நாலு மணி வரை சிக்னல் இல்லை. பிறகு வந்தது. மாடசாமி போய் மாரீஸ்வரி. நம்பர் அதே.

"மூணாவதே போட்டுருவோம்" என்றார் பாண்டி, நான் கேட்கும் முன்பே. "கெளம்புறதுக்கு முன்ன போட்டாப் போதும். எழுதி வச்சுக்கிடுதேன்."

அம்மாவிடம் பெயர் மாற்றியதைச் சொல்லவில்லை.


செப்டம்பர் 4, வியாழன்

பகல் பதினொன்றே முக்கால். பெட்டியை எடை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிலோ அதிகம். எதை எடுப்பது என்று யோசிக்கும்போது சத்தம். அலமாரியில் தட்டுகள் ஆடின.

தெருவே வெளியில். யாரும் அழவில்லை, கத்தவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள். இந்த ஊரில் கைக்குழந்தைகூட முதலில் புகை எந்தத் திசை என்றுதான் பார்க்கும்.

"மேக்கால பிள்ள. வெம்பக்கோட்டைப் பக்கம். நம்மது இல்ல" என்றாள் சித்தி.

மேற்கு என்று எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. முழுசாக அடித்து நின்றது. ஆறு தடவை.

சித்தியின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் முப்பது பேர் இருப்பார்கள், என்னைப்போல. நம்மது இல்லை என்று தெரிந்துகொண்டே வந்தவர்கள். ஒரு கைலிக்காரர் செருப்பில்லாமல். போர்மேன் உள்ளேயிருந்து கத்தினார்: "நம்ம யூனிட் இல்லன்னா இல்லதான்! இங்கன ஏன் வந்து நிக்கீக? போங்க, வேல நடக்குது!"

வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு மணி நேரம்கூட நிறுத்தவில்லை. அடுத்த கம்பெனியில் பிணம் எடுக்கிறார்கள், இங்கே சக்கரம் சுற்றுகிறார்கள். சீசன்.

அந்த மரப்பெட்டியை இன்றுதான் அருகில் பார்த்தேன். எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. சாமி பாட்டு, குழந்தைச் சிரிப்பு, ரயில் ஹாரன். சில அறைகளில் வெளிச்சம் மட்டும். பக்கத்தில் ஸ்டூலில் வாட்ச்மேன் சங்கரலிங்க அண்ணாச்சி. பெட்டிக்கு முதுகைக் காட்டி, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. அப்பா காலத்திலிருந்து அதே ஆள்.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை.

"ஒரு போனையாவது எடுத்து 'எல்லாரும் நல்லாருக்காக'ன்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிருவீக?"

"எடுக்கக் கூடாது தாயி. ரூல்."

"அன்னைக்கும் ரூல்தானா?"

என்னைச் சரியாகப் பார்த்தார். அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

"மாடசாமி மகளா." தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தார். "அன்னைக்கு எடுத்திருந்தா என்ன சொல்லச் சொல்ற? இருக்காருன்னா பொய்யி. இல்லைன்னு சொல்ல நான் யாரு? ஆறு போனு அடிச்சுது அன்னைக்கு. மத்ததெல்லாம் ராத்திரிக்குள்ள வந்து வாங்கிட்டுப் போயிட்டாக. உங்கப்பன் போனு சார்ஜு தீந்துதான் நின்னுச்சு. மக்யா நாளு காலையில."

ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ண மூன்று உதை.

அம்மா ஆறரைக்கு வந்தாள். போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "ஆறு மிஸ்டு காலு. வேற சோலி இல்லியா ஒனக்கு?"

எத்தனை பேர் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.


செப்டம்பர் 6, சனி

புழுக்கம். நாலு தூறல். அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்கவும், அப்பா நம்பர் இப்போது என் பெயரில் என்று ரிஜிஸ்டரில் எழுதச் சொல்லவும் போனேன். மன்னிப்பு வாயில் வரவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

நீளமான நோட்டு. ஆளின் பெயர், ரூம் எண், தகவல் சொல்ல வேண்டிய நம்பர். அம்மாவின் வரிசையில் அப்பா நம்பரைக் கோடு போட்டு அடித்திருந்தது. மேலே சித்தியின் நம்பர். பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து, மு என்று ஆரம்பித்து மு என்றே முடிகிற மாதிரி.

"எப்போ மாத்துனாங்க?"

"போன மாசம். ஏதோ ஒனக்கு விசாவோ என்னமோ வந்துச்சாமே, அன்னைக்கு வேனு எறங்கின கையோட. கேட்டேன், என்னத்துக்கு முத்துலச்சுமின்னு. 'எது நடந்தாலும் அவளுக்குப் போகக் கூடாது அண்ணாச்சி'ன்னுச்சு."

மூன்றாவது பிளான். எல்லாவற்றிலும் விலை கூடியது. அதில் அடிக்க ஒரு அழைப்பும் இல்லை. நான் எதற்காக வாங்குகிறேன் என்று தெரிந்துகொண்டே, சட்டி தேய்த்துக்கொண்டே, அப்பா நம்பர்தான் என்றாள் அம்மா.

வாழைப்பழம் நன்றாகப் பழுத்திருந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார். தின்றேன். ஏன் தின்றேன் என்று தெரியவில்லை.


செப்டம்பர் 7, ஞாயிறு

சண்டை. இவ்வளவு பெரிய சண்டை அம்மாவும் நானும் போட்டதில்லை.

முதலில் சித்தியைப் பிடித்தேன். சித்திக்குப் பொய் சொல்ல வராது. சேலை முந்தியைத் திருகினாள், அழுதாள், சொல்லிவிட்டாள். அம்மா பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாளாம். "நான் போன் எடுத்து, அக்காவுக்குத் தொண்ட கட்டியிருக்கு, பேச முடியலன்னு சொல்லணுமாம். அடுத்த வாரம், கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்லணும். அதுக்கடுத்து, போனு தண்ணியில விழுந்துருச்சுன்னு. பரிச்ச முடியிற வரைக்கும் வாரத்துக்கு ஒண்ணா சொல்லி வச்சிருக்கா பிள்ள. எனக்கு வரிசையே ஞாபகம் நிக்கல."

ஒத்திகை. தன் சாவை மறைக்க ஒரு பொம்பளை ஒத்திகை நடத்தியிருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலங்களில், நான் லைப்ரரி போயிருந்தபோது.

அம்மா குழாயடியிலிருந்து வந்தாள். குடத்தை இறக்கக்கூட விடவில்லை.

"நீ செத்தா எனக்குத் தெரியக் கூடாது, அப்படித்தானே?"

"சாவேன்னு யாரு சொன்னா? வாயக் கழுவு."

"அப்புறம் என்னத்துக்கு நம்பர மாத்துன?"

குடத்தை இறக்கினாள். தண்ணீர் தளும்பி அவள் காலில்.

"சரி. ஒனக்குப் போன் வருது. என்ன செய்வ? ஏரோப்ளேனுக்கு ஓடுவ. வந்து சேர ரெண்டு நாளு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். எதப் பாக்கப் போற? உங்கப்பாவ நான் பாத்தேனா? கட்டித்தான குடுத்தாக. அதப் பாக்கவா படிப்ப விட்டுட்டு வருவ?"

"அது என் இஷ்டம்."

"ஒன் இஷ்டம்தான். திரும்பிப் போயிருவியா?"

போக மாட்டேன். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"அதான்" என்றாள். "மாத்துனேன்."

கத்தினேன். அப்படியானால் நான் ஒவ்வொரு நாளும் அங்கே உட்கார்ந்து, உனக்குத் தொண்டை கட்டியிருக்கிறதா, இல்லை செத்துவிட்டாயா என்று யோசித்துக்கொண்டே கணக்குப் போட வேண்டுமா என்று. ஒவ்வொரு தொண்டைக் கட்டுக்கும். நிஜமாகவே தொண்டை கட்டினாலும்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்பதற்காக. நான் சாப்பிடவில்லை. அவளும்.


செப்டம்பர் 9, செவ்வாய்

கேட். ரிஜிஸ்டரில் நம்பரை மாற்ற முடியாது, ஆளே வந்து கையெழுத்துப் போட வேண்டும். கேட்டுப் பார்த்தேன், "ரூல்" என்றார் அண்ணாச்சி. சரி.

"நான் அங்கிருந்து அம்மா போனுக்கு அடிச்சா எடுப்பீகளா?"

"எடுக்க மாட்டேன்."

"பேச வேண்டாம். எடுத்து வச்சாப் போதும்."

"இங்கன கேமரா மாட்டியிருக்கான் பாரு. போனக் காதுல வச்சேன்னா மொதலாளி மகன் மதுரையில இருந்து கூப்பிடுவான்." வேட்டி மடிப்பிலிருந்து ஒரு வாழைப்பழம். என்னிடம் பாதி. "நாலு வருசத்துக்கு முன்ன கேமரா இல்ல. இப்ப மாட்டியிருக்கான். எங்கன? மருந்து ரூமுலயா? கேட்டுல."

அப்போதுதான் தோன்றியது.

"எடுக்க வேண்டாம் அண்ணாச்சி. கட் பண்ணுங்க."

"என்னது?"

"அம்மா போன் அடிக்குதுன்னா சிவப்புப் பட்டன ஒரு அமுக்கு. அம்புட்டுதான். சத்தம் தொந்தரவா இருக்குன்னு அமுக்குனதா இருக்கட்டும். கட் ஆச்சுன்னா அம்மா இருக்கான்னு நான் எடுத்துக்கிடுவேன்."

பழத்தை மென்றுகொண்டே பெட்டியைப் பார்த்தார். அம்மாவின் அறை பதினேழு. மேல் வரிசை, கை எட்டுகிற இடம்.

"சத்தம் கேட்ட அன்னைக்கு மட்டும் அடிப்பியா?"

"அங்கே எனக்குச் சத்தம் கேட்காது அண்ணாச்சி."

ஒரு லோடு வண்டி வந்தது. எழுந்து கேட்டைத் திறந்து, நோட்டில் வண்டி எண் எழுதி, மூடிவிட்டு வந்தார்.

"தெனமும் அடி" என்றார். "பகல் பதினோரு மணிக்கு மேல. லோடு வண்டி வந்தா எந்திரிச்சுப் போயிருவேன், அதுக்குப் பயந்துக்கிடாத. மறுக்கா அடி." பிறகு, "இன்னொன்னு. தீபாவளி வரைக்கும்தான் நானு. கணக்கு முடிச்சு அனுப்புதாக. அடுத்து வர்றவன் எப்படியோ."

இதுதான் பிளான். தினம் ஒரு அழைப்பு. வேலிடிட்டி தீபாவளி வரை.

சாயங்காலம் கணித நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்:

கட் ஆனால் – இருக்கிறாள்.
முழுசாக அடித்தால் – லோடு வண்டி. அல்லது
ஸ்விட்ச் ஆப் என்றால் – சார்ஜ் இல்லை. அல்லது

புள்ளியியல் படிக்கப் போகிறவள். இதற்கு ஒரு வாய்ப்பாடு போட முடியும். போடவில்லை.


செப்டம்பர் 11, வியாழன்

வி.நகர். பாண்டியிடம் மூன்றாவது வேண்டாம், அடித்துவிடுங்கள் என்றேன். மெசேஜ் மட்டும் வரும் பேக் போதும். அங்கே போனதும் இந்தியாவுக்குப் பேசுகிற சிம்.

"மொதலயே அதத்தான சொன்னேன்" என்றார். பிறகு சங்கடமாக, "அம்மா நல்லாருக்காகள்ல?"

"பதினொன்னு பத்துக்கு நல்லாருந்தாங்க."

புரியாமல் சிரித்தார். கடை வாசலில் நின்று முதல் தடவை போட்டுப் பார்த்திருந்தேன். நாலு தடவை மணி அடித்தது. கட். கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பூட்டு வாங்கியாயிற்று.


செப்டம்பர் 14, ஞாயிறு

மழை மாதிரி வந்து வரவில்லை. பெட்டி சரியான எடை. ஊறுகாயை எடுத்துவிட்டேன், அம்மா திரும்ப வைத்தாள், நான் எடுத்தேன், திரும்ப வைத்தாள். இரண்டு துண்டைக் குறைத்தேன்.

நாளை எனக்கு மத்தியானம் மதுரையில் பிளைட். அம்மா வேலைக்குப் போகிறாள். சீசனில் திங்கள்கிழமை லீவு போட்டால் போனஸில் கை வைப்பான். அது உண்மைதான். காரணம் அது மட்டும் இல்லை என்பதும் தெரியும். கேட்கவில்லை.

தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். அந்த ரேகையில்லாத விரல்கள். பின்னால் உட்கார்ந்துகொண்டே சொன்னாள்:

"மூணு நாளா உன் காலு ஒண்ணு வந்து நிக்குது. பகல்ல. அடிச்ச மாதிரியும் இல்ல, அடிக்காத மாதிரியும் இல்ல."

"கை பட்டிருக்கும்."

"தெனமும் அதே நேரத்துக்கா கை படும்?"

சிக்கெடுத்தாள். வலித்தது.

"பட்டாப் படட்டும்" என்றாள்.


செப்டம்பர் 15, திங்கள்

ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேன். ஊரை விட்டுப் போகிறவள் நான், முதலில் கிளம்பியவள் அம்மா. நான் வாசலில் நின்றேன்.

வேனுக்குள்ளிருந்து ஒரு குரல்: "ஏக்கா, மக ஏரோப்ளேன்ல போறா, நீ சக்கரம் சுத்தப் போறியாக்கும்?"

"அவ போறதுக்கு நான் நின்னு தள்ளியா விடணும்?" என்றாள் அம்மா. வேனே சிரித்தது. ஏறிவிட்டாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை. தூக்குவாளியும் ஒரு கையும் மட்டும் தெரிந்தது.

சித்தி மதுரை வரை கூட வந்தாள். ஏர்போர்ட் வாசலில் காதருகில் வந்து, "நான் பொய் சொல்ல மாட்டேன் பிள்ள, எதுன்னாலும் சொல்லிருவேன்" என்றாள். சொல்ல மாட்டாள். அக்காளை மீறி அவள் ஒரு குழம்பு வைத்ததில்லை.

உள்ளே குளிர். ஆட்கள் எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள். கண்ணாடிக்கு வெளியே வெயிலில் ஒருவர் தனியாக விமானத்துக்கு அடியில் எதையோ குனிந்து பார்க்கிறார்.

பதினொன்று பதினாறு. போட்டேன். அடித்தது. அடித்தது. முழுசாக அடித்து நின்றது.

லோடு வண்டி.

பதினொன்று பதினெட்டு. அடித்தது. முழுசாக அடித்து நின்றது.

இன்னொரு லோடு வண்டி. சீசன். ஒன்றன்பின் ஒன்றாக வரும். பக்கத்து சீட்டு அம்மாள் என்னைப் பார்க்கிறாள். தண்ணீர் வேண்டுமா என்கிறாள். வேண்டாம். ஊர் இருக்கிற தெற்குப் பக்கம் எது என்று தெரியவில்லை. கண்ணாடி வழியாக வானம் முழுவதும் ஒரே வெள்ளை, புகை எது மேகம் எது.

பதினொன்று இருபத்தொன்று. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

கட்.

காலை 11.21க்கு அம்மா இருக்கிறாள்.